கட்டளைகள் எங்கே குடியிருக்க வேண்டும்?

தமிழில் கணினியைப் பற்றி வெளிவரும் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, ஒருங்குறி, இவற்றோடு கொஞ்சம் பெருமை! முத்து நெடுமாறனின் முரசு 1985-ஆம் ஆண்டு இந்த மண்ணில் பிறந்தது. 2001-ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 2013-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் நடந்தது. பெருமைப்பட வேண்டியவைதாம், மறுக்கவில்லை. ஆனால் தமிழ் எழுத்து திரையில் தெரிந்த பிறகு அந்தத் திரையில் எதைப் பேசப் போகிறோம் என்ற கேள்விக்கு நம் கழக மலர்கள்கூட அதிகம் இடம் தந்ததில்லை. ஆகவே இம்முறை கொஞ்சம் வறட்சியான ஒரு பொருளைத் தமிழில் பேசிப் பார்க்கலாம் என்று துணிந்திருக்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளைக் கருவிகளை எந்தக் கோப்புறையில் வைக்க வேண்டும் என்பதே அது. இதிலென்ன இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதற்காகவே உலகின் மிகப் பெரிய தன்னார்வ மென்பொருள் அமைப்புகளுள் ஒன்று பல ஆண்டுகள் தமக்குள் சண்டையிட்டது.

எனக்கு இந்த அக்கறை வந்தது கிள்ளானில். சென்ற பருவ விடுமுறையில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, லிட்டல் இந்தியாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு டியூஷன் மையத்தில், அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட ஆறு கணினிகளைச் சீர்செய்து டெபியன் லினக்ஸை நிறுவிக் கொடுத்தோம். அவற்றைப் பார்த்துக்கொள்ள நான்காம் படிவ மாணவிகள் இருவரைப் பழக்குவது என்று முடிவாயிற்று. அவர்களுக்காக நான்கு பக்கத்தில் தமிழில் குறிப்பு எழுதியது நான். ஒவ்வொரு கட்டளையையும் என் மடிக்கணினியில் தட்டிப் பார்த்துத்தான் எழுதினேன். நிர்வாகியாக மாறுவது எப்படி, அதன் பிறகு புதிய பயனர் கணக்கைத் திறப்பது எப்படி என்று நான்காம் பக்கத்தில் இருந்தது.

முதல் மாணவி 'சூ' என்ற கட்டளையைக் கொடுத்து, கடவுச்சொல்லையும் தட்டி, நிர்வாகியாகிவிட்டாள். அடுத்து 'ஆட்யூசர்'. கட்டளை காணப்படவில்லை என்று பதில் வந்தது. மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறை ஒவ்வோர் எழுத்தாகக் குறிப்பைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, நான் தப்பா தட்டிட்டேனா?" என்றாள்.

அவள் தட்டியதில் ஒரு பிழையும் இல்லை. 'ஆட்யூசர்' அந்தக் கணினியில் இருக்கத்தான் செய்தது. அது இருந்த கோப்புறையில்தான் கணினி தேடவில்லை. என் மடிக்கணினியில் இருந்தது உபுண்டு. டெபியனிலிருந்து பிறந்த பிள்ளைதான் என்றாலும், உபுண்டு சாதாரணப் பயனருக்கும் எல்லாக் கோப்புறைகளிலும் தேடிக் கொடுக்கும். டெபியன் அப்படிச் செய்வதில்லை. குறிப்பு எழுதியவன் என்ற முறையில் தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தவறு நடக்க வழி வைத்தவர்கள் யார் என்று தேடிப் போனதில் ஐம்பது ஆண்டுக் கதை ஒன்று கிடைத்தது.

முதலில் அடிப்படை. கட்டளை என்று நாம் தட்டுவது பெரும்பாலும் ஒரு நிரலின் பெயர். அந்த நிரல் வன்தட்டில் எங்கேயோ ஒரு கோப்பாக இருக்கிறது. முழு முகவரியையும் ஒவ்வொரு முறையும் தட்ட முடியாது அல்லவா? அதனால் 'பாத்' என்ற ஒரு பட்டியலைக் கணினி வைத்துக்கொள்கிறது. பட்டியலில் உள்ள கோப்புறைகளில் வரிசையாகத் தேடும், கிடைத்தால் ஓட்டும், இல்லையென்றால் கையை விரிக்கும். வழக்கமான லினக்ஸில் இத்தகைய நிரல்கள் நான்கு இடங்களில் இருந்து வந்தன: '/பின்', '/எஸ்பின்', '/யூஎஸ்ஆர்/பின்', '/யூஎஸ்ஆர்/எஸ்பின்'. (இந்தப் 'பின்'னுக்கும் நம் முன்-பின்னுக்கும் தொடர்பில்லை. 'பைனரி' என்பதன் சுருக்கம்.) நாம் நாமே நிறுவுவனவற்றுக்கு '/யூஎஸ்ஆர்/லோக்கல்' என்று தனி இடமும் உண்டு.

எதற்கு நான்கு?

1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்தது பிடிபி-11 என்ற கணினி. இயங்குதளம் வளர வளர முதல் வட்டில் இடம் போதவில்லை. எனவே பயனர்களின் கோப்புகள் இருந்த இரண்டாவது வட்டுக்கு அது வழிந்தது. பயனர் என்ற சொல்லின் சுருக்கமே 'யூஎஸ்ஆர்'. அங்கேயும் ஒரு 'பின்' கோப்புறை முளைத்தது. பயனர்களின் கோப்புகள் பிறகு வேறிடம் போய்விட்டன; பெயர் மட்டும் நின்றுவிட்டது. அக்காலத்து ஆர்கே05 என்ற வட்டுப் பொதியின் கொள்ளளவு ஏறத்தாழ 2.5 மெகாபைட். இன்று நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே அதில் அடங்காமல் போகலாம்! இந்த வரலாற்றை ராப் லாண்ட்லி என்ற நிரலாளர் 2010-இல் ஒரு குறிப்பாக எழுதினார். அதன் பிறகுதான் பலருக்கு இந்தப் பிரிவினையின் பிறப்புச் சான்றிதழே தெரிந்தது.

இடமின்மையால் வந்த பழக்கத்துக்குப் பிறகு காரணம் கற்பித்தார்கள் என்பது என் துணிபு. கணினி எழும்போது முதல் வட்டு மட்டுமே கையில் இருக்கும். இரண்டாவது வட்டை இணைக்கத் தேவையான கருவிகளாவது முதல் வட்டில் இருக்க வேண்டும். ஆகவே அவசரக் கருவிகள் '/பின்'னில், மற்றவை '/யூஎஸ்ஆர்/பின்'னில் என்றார்கள். ஒரு காலத்தில் இது நியாயமாகவே இருந்தது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் வட்டே இல்லாத கணினிகள் வலையமைப்பின் வழி '/யூஎஸ்ஆர்' முழுவதையும் ஒரே வழங்கியிலிருந்து பெற்றுக்கொண்ட நாள்கள் அவை. லினக்ஸ் உலகம் 1994-இல் தனக்கென்று கோப்பு அமைப்புத் தரம் ஒன்றை எழுதிக்கொண்டபோது இந்தப் பிரிவினையும் அதற்குள் ஏறிவிட்டது. 2015-இல் வந்த அத்தரத்தின் 3.0 பதிப்பிலும் அது இருக்கிறது.

ஆனால் இன்றைய லினக்ஸ் எழும் முறையே வேறு. 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சின்னஞ்சிறு தற்காலிக அமைப்பு முதலில் நினைவகத்தில் எழுகிறது. வட்டுகளைத் தேடுவதும் இணைப்பதும் அதன் வேலை. '/பின்' செய்துவந்த முதலுதவியை அது ஏற்றுக்கொண்டுவிட்டது. போதாததற்கு, '/பின்'னில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அவசரக் கருவிகள் பலவற்றுக்குத் தேவையான துணைக் கோப்புகள் '/யூஎஸ்ஆர்'-க்குள் குடியேறி வெகு நாளாயிற்று. அதாவது, சுவர் இருந்தது. கூரை பக்கத்து வீட்டில் இருந்தது.

இதை உணர்ந்து முதலில் முழுமூச்சாகச் செயல்பட்ட பெரிய வழங்கல்களுள் ஒன்று ஃபெடோரா. 2012 மே மாதம் வந்த 17-ஆம் பதிப்பில் '/பின்'னில் இருந்த எல்லாவற்றையும் '/யூஎஸ்ஆர்/பின்'னுக்கு மாற்றினார்கள். பழைய '/பின்' என்ற பெயரை, புதிய இடத்தைக் காட்டும் ஓர் இணைப்பாக விட்டுவைத்தார்கள். சிம்லிங்க் என்பார்கள். ஆர்ச் லினக்ஸ் 2013-இல் ஒரு படி மேலே போய் 'எஸ்பின்'களையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டியது. சோலாரிஸ் போன்ற பழைய யூனிக்ஸ்கள் இந்த வழியில் முன்பே நடந்திருந்தன.

சிம்லிங்க் என்றால் என்ன என்று கேட்டால் பிரிக்பீல்ட்ஸைக் காட்டுவேன். இன்று துன் சம்பந்தன் சாலை என்று பலகையில் இருப்பது முன்பு பிரிக்பீல்ட்ஸ் ரோடு. துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையைப் பத்து ரோடு என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய பெயரைச் சொல்லி வாடகை வண்டியில் ஏறினாலும் சரியான இடத்தில்தான் இறங்குவோம். இரண்டு பெயர், ஒரே சாலை. இது நமக்குப் புதிதும் அன்று. தமிழ்ப்பள்ளியில் கோப்புறை என்று படித்ததை இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'ஃபோல்டர்', 'டிரெக்டோரி' என்று படித்து, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் தேர்வெழுதுகிறவர்கள் நாம். மனத்துக்குள் எத்தனையோ சிம்லிங்க் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, இதனால் பயனருக்கு என்ன இலாபம்? மிகச் சிறிய, ஆனால் தினசரி இலாபம். லினக்ஸில் எழுதப்படும் சிறு நிரல்களின் முதல் வரியில், தன்னை ஓட்ட வேண்டிய கருவியின் முழு முகவரி இருக்கும். ஒருவர் '/பின்/பாஷ்' என்று எழுதுவார். இன்னொருவர் '/யூஎஸ்ஆர்/பின்/பாஷ்' என்று எழுதுவார். பிரிந்த அமைப்பில் இவற்றுள் ஒன்றுதான் ஓடும். இணைந்த அமைப்பில் இரண்டும் ஓடும். இணையத்திலிருந்து எடுத்த நிரல் ஓடவில்லையே என்று நள்ளிரவில் தலையைப் பிய்த்துக்கொண்ட கணினித் துறை நண்பர்களுக்கு இதன் அருமை தெரியும். அதைவிடப் பெரிய இலாபம், வழங்கல் தருகிற இயங்குதளம் முழுவதும் '/யூஎஸ்ஆர்' என்ற ஒரே கூரையின்கீழ் வந்துவிடுகிறது. அதை எழுத முடியாதபடி பூட்டலாம். அப்படியே படியெடுத்துப் பல கணினிகளுக்குப் பகிரலாம். மேம்படுத்தல் கெட்டுப்போனால் பழைய படிக்குத் திரும்பலாம். ஃபெடோரா சில்வர்புளூ போன்றவை இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. ஆறு பழைய கணினிகளை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளப் பாடுபடும் டியூஷன் மையத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

எல்லாருமே இந்தப் பாதையில் வந்துவிடவில்லை. ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி இரண்டும் பழைய பிரிவினையை வைத்துக்கொண்டிருக்கின்றன. அவர்களிடம் அதற்கு ஓர் ஒழுங்கும் இருக்கிறது: அடிப்படை அமைப்பு ஒருபுறம், பயனர் சேர்க்கும் மென்பொருள் '/யூஎஸ்ஆர்/லோக்கல்' மறுபுறம். அந்தக் கோட்டை அவர்கள் கண்டிப்பாகக் காக்கிறார்கள். நிக்ஸ்ஓஎஸ் மறு எல்லைக்குப் போய், '/பின்'னில் 'எஸ்ஹெச்' ஒன்றையும் '/யூஎஸ்ஆர்/பின்'னில் 'என்வி' ஒன்றையும் மட்டும் விட்டுவிட்டு, மற்ற அனைத்தையும் '/நிக்ஸ்/ஸ்டோர்' என்ற தன் கிடங்குக்குள் வைத்துவிட்டது. புத்திசாலித்தனம்தான். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் நான்காம் படிவ மாணவிக்கு அதை விளக்க எனக்குத் தைரியம் இல்லை.

இனி டெபியன். இங்குதான் கதை சூடுபிடிக்கிறது.

டெபியன் 2019 ஜூலையில் வெளியிட்ட 10-ஆம் பதிப்பில், புதிதாக நிறுவுகிறவர்களுக்கு இணைந்த அமைப்பைக் கொடுத்தது. பழைய கணினிகள் பிரிந்தே இருந்தன. இரண்டு வகையும் ஒரே காலத்தில்! அதன் விளைவாக வேடிக்கையான பிழைகள் வந்தன. இணைந்த கணினியில் கட்டப்பட்ட ஒரு தொகுப்பு, 'செட்' கருவி '/யூஎஸ்ஆர்/பின்'னில் இருப்பதாக நம்பித் தனக்குள் எழுதிவைத்துக்கொள்ளும். பிரிந்த கணினிக்குப் போனதும் அந்த முகவரியில் யாரும் இல்லை. 2021 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு, 12-ஆம் பதிப்பிலிருந்து இணைந்த அமைப்பு ஒன்றுதான் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு சரி. ஆனால் எதிர்த்தவர்களிடமும் வலுவான காரணம் ஒன்று இருந்தது. அதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

டெபியனில் எந்தக் கோப்பு எந்தத் தொகுப்புக்குச் சொந்தம் என்ற பேரேட்டை வைத்திருப்பது 'டிபிகேஜி' என்ற கருவி. அதன் பேரேட்டில் '/பின்'னும் '/யூஎஸ்ஆர்/பின்'னும் வேறு வேறு இடங்கள். இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. மீண்டும் பிரிக்பீல்ட்ஸுக்கு வருவோம். நகராண்மையின் பேரேட்டில் 'துன் சம்பந்தன் சாலை, எண் 10' என்று புதிய வீடு பதிவாகிறது. வேறொரு பக்கத்தில் 'பிரிக்பீல்ட்ஸ் ரோடு, எண் 10' பழைய வீடு, காலியாகிவிட்டது, இடித்துவிடலாம் என்று இருக்கிறது. இடிக்க வருகிறவன் பேரேட்டை நம்பி வேலையைச் செய்கிறான். இடிந்தது எந்த வீடு? அப்படியேதான் அங்கும். ஒரு கோப்பு ஒரு தொகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறி, அதே சமயம் '/பின்'னிலிருந்து '/யூஎஸ்ஆர்/பின்'னுக்கும் மாறினால், மேம்படுத்தலின்போது கோப்பே காணாமற்போகும் அபாயம் இருந்தது. 'டிபிகேஜி'யைப் பராமரிப்பவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். இணைந்த அமைப்பைக் கண்டால் எச்சரிக்கை காட்டும்படிகூட 2022-இல் அக்கருவி மாற்றப்பட்டது; தொழில்நுட்பக் குழு தலையிட வேண்டியதாயிற்று. 2023 ஜூனில் 12-ஆம் பதிப்பு வரும்வரை கோப்புகளை அவ்வாறு நகர்த்தக் கூடாது என்று தடை போட்டுத்தான் சமாளித்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்புக்காகத்தான் ஒவ்வொரு தொகுப்பாகத் திறந்து, கோப்புகளைப் பேரேட்டிலும் '/யூஎஸ்ஆர்'-க்கு மாற்றி முடித்தார்கள்.

என் கருத்து இதுதான்: டெபியன் போய்ச் சேர்ந்த இடம் சரி, போன வழி தவறு. பெயர்ப்பலகையை மாற்றுவதற்கு முன் பேரேட்டைத் திருத்தியிருக்க வேண்டும். பேரேடு வைத்திருப்பவரும் "இது என் வேலை அல்ல" என்று நின்றிருக்கக் கூடாது. நம் சங்கங்களில் நடக்கும் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இராது.

ஆனால் இவ்வளவு பாடுபட்டும் கிள்ளான் மாணவியின் பிரச்சினை தீரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்! டெபியன் இணைத்தது '/பின்'னையும் '/யூஎஸ்ஆர்/பின்'னையும். 'எஸ்பின்' இன்னும் தனிக்குடித்தனம்தான். நிர்வாகிக்கு உரிய கருவிகள் அங்கே என்பது மரபு. சாதாரணப் பயனரின் தேடல் பட்டியலில் டெபியன் அதைச் சேர்ப்பதில்லை. அதே பட்டியலில் விளையாட்டுகளுக்கென்று இரண்டு கோப்புறைகள் இருக்கின்றன! விளையாட்டுக்கு இடம் உண்டு, வேலைக்கு இல்லை. போதாக்குறைக்கு, 10-ஆம் பதிப்பிலிருந்து டெபியனின் 'சூ' கட்டளை மாறியது. முன்பு நிர்வாகியாக மாறினால் நிர்வாகியின் பட்டியலும் கூடவே வரும். இப்போது பழைய பயனரின் பட்டியலே ஒட்டிக்கொண்டு வருகிறது. எல்லா அதிகாரமும் கையில் இருந்தும் அவளுக்குக் கட்டளை கிடைக்காமற்போனது இதனால்தான். 'சூ'வுக்குப் பின் ஓர் இடைவெளியும் ஒரு சிறுகோடும் போட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

'எஸ்பின்' தனியாக இருப்பது பாதுகாப்புக்காக என்று சிலர் சொல்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. கோப்புறை என்பது பூட்டு அல்ல. முழு முகவரியைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் அந்த நிரலை ஓட்டலாம். தடுப்பது கணினியின் அனுமதி முறை; அது நிரல் எங்கே இருந்தாலும் தன் வேலையைச் செய்யும். நிர்வாகிக்கு மட்டுமே தேவையானவை அங்கே இருக்கின்றன என்பதும் முழு உண்மை அல்ல. வட்டின் படிமக் கோப்பு ஒன்றை எனக்கே சொந்தமாக வைத்துக்கொண்டு, அதைப் பகுக்க 'எஃப்டிஸ்க்' கருவியைப் பயன்படுத்த எனக்கு எந்த அதிகாரமும் வேண்டியதில்லை. அந்தக் கருவி 'எஸ்பின்'னில் இருக்கிறது. இயங்குதளப் பாடத்தின் செய்முறைக்கு இது அன்றாடத் தேவை.

ஃபெடோரா இதையும் 2025 ஏப்ரலில் 42-ஆம் பதிப்பில் முடித்துவிட்டது. 'எஸ்பின்' அங்கே இப்போது 'பின்'னைக் காட்டும் இணைப்பு மட்டுமே. ஒரே பெயரில் இரண்டு இடத்திலும் கோப்பு வைத்திருந்த சில கருவிகளைத் திருத்த வேண்டியிருந்தது என்பது மெய்தான். திருத்தினார்கள். டெபியனுக்கு இது இன்னும் கடினம் என்று அறிவேன். அண்மையில்தான் ஒரு போரிலிருந்து மீண்டிருக்கிறார்கள். கோப்புறையை உடனே இணைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பயனரின் தேடல் பட்டியலில் 'எஸ்பின்'னைச் சேருங்கள் என்கிறேன். உபுண்டு பல்லாண்டாகச் செய்வதுதான். ஒரு வரி மாற்றம்.

டெபியன் எங்கோ இருக்கிற அமைப்பு, நமக்கென்ன என்று கேட்கலாம். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் முதன்முதலாக வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. நம் அரசாங்கமும் 2004-இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தது. காசு கொடுத்து உரிமம் வாங்க முடியாத இடங்களுக்கு, கழித்துவிட்ட கணினிகளுக்கு, இத்தகைய வழங்கல்கள்தாம் போய்ச் சேர்கின்றன. அங்கே உட்காருகிறவர்களுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொள்ள ஆள் இருக்காது. கட்டளை காணப்படவில்லை என்ற பதிலைப் பார்த்ததும் அனுபவசாலி 'பாத்' பட்டியலைப் பார்ப்பான். புதியவள் தன் விரலைச் சந்தேகிப்பாள். அதிலும் குறிப்பு தமிழில் இருந்துவிட்டால், குறிப்பின் மொழியையும் சேர்த்துச் சந்தேகிப்பாள். அன்றைக்கு இரண்டாவது மாணவி மெல்லக் கேட்டதும் அதைத்தான்: "அண்ணே, இங்கிலீஷ் நோட்ஸ் இருக்கா?"

குறிப்பைத் திருத்தி எழுதிவிட்டேன். இம்முறை டெபியனிலேயே ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன். நான்காம் பக்கத்தில் 'சூ'வுக்குப் பக்கத்தில் அந்தச் சிறுகோட்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அது ஏன் வேண்டும் என்று மூன்று வரி எழுதியிருக்கிறேன். டெபியன் அந்த ஒரு வரியைச் சேர்க்கும் நாளில் என் மூன்று வரியையும் அடித்துவிடலாம்.